வில்லன்தான் கதையோட நாயகன்னா அவனுக்கு என்ன பவர் குடுக்கலாம்?

காமிக்ஸ் ஸ்டைல்ல கதை எழுதலாம்னு உக்காந்தா நிறைய பேர் முதல்ல பண்ணுறது பவர் லிஸ்ட் போடுறதுதான். பறக்குறது, நெருப்பு விடுறது, மறையுறது, மனசைப் படிக்கிறது, நேரத்தை நிறுத்துறதுன்னு வரிசையா எழுதிட்டு அதுல எது மாஸா இருக்குன்னு பாத்து ஒண்ணை எடுத்து வில்லன் தலையில கட்டிடுவாங்க. ஹீரோ கதைக்கு இது ஓரளவு ஓடிடும், ஏன்னா அங்க பவர் எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான், இவனால காப்பாத்த முடியுமா முடியாதா. வில்லனே நடுவுல நிக்கிற கதையில கேள்வி வேற. இவன் ஜெயிக்கணும்னு எனக்கு ஏன் தோணுது, இப்படித் தோணுறது சரியான்னு படிக்கிறவங்க பக்கத்துக்குப் பக்கம் தன்னையே கேட்டுக்கணும், அந்தக் கேள்வியைக் கிளப்பி விடுற வேலையைப் பவர் செய்யணும்.

அதனால நான் பாக்குற அளவுகோல் இதுதான்: பவரை யூஸ் பண்ணுற ஒவ்வொரு தடவையும் வேற யாராவது ஒருத்தர் எதையாவது இழக்கணும், ஆனா அவன் ஏன் யூஸ் பண்ணினான்னு நமக்கு நல்லா புரியணும். முதல் பாதி இல்லன்னா அவன் வில்லனே கிடையாது, கொஞ்சம் கோவக்கார ஹீரோ, அவ்ளோதான். ரெண்டாவது பாதி இல்லன்னா அவன்கூட நூறு பக்கம் யாரும் வர மாட்டாங்க.

முதல்ல ஆசையை எழுதுங்க

பவரைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆளுக்கு என்ன வேணும்னு ஒரே வரியில எழுதுங்க. உலகத்தை ஆளணும்னு எழுதாதீங்க, அது ஆசை இல்ல, அது போஸ்டர். உலகத்தை ஆண்டா அவனுக்கு என்ன கிடைக்கும்னு இன்னொரு படி உள்ள போங்க. யாரும் தன்னைத் திரும்பவும் அவமானப்படுத்தக் கூடாது, தன் தங்கச்சி பயப்படாம தூங்கணும், செத்துப்போன ஒருத்தரோட பேரு மறந்துபோகக் கூடாது, இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் தோண்டுங்க.

அது கிடைச்சதும் அடுத்த கேள்வி, இந்த ஆசைக்குக் குறுக்கு வழி என்ன. அந்தக் குறுக்கு வழிதான் பவர். மதிப்பு வேணும்னு ஏங்குறவனுக்கு மத்தவங்களைத் தன் பேச்சைக் கேக்க வைக்கிற பவர் குடுத்துப் பாருங்க, கதை தானா நடக்க ஆரம்பிச்சிடும், ஏன்னா இனிமே அவன்கிட்ட யாராவது மரியாதையா பேசினாலும் அது பவரா இல்ல நிஜமான்னு அவனுக்கே தெரியாது. கேட்டது கைக்கு வந்துடுச்சு, வேண்டியது கைக்கு எட்டாமப் போயிடுச்சு. தனியா இருக்கப் பயப்படுறவனுக்கு மத்தவங்க நினைவை அழிக்கிற பவர் குடுத்தாலும் இதே மாதிரிதான், ஒவ்வொரு சண்டையையும் ஒவ்வொரு தப்பையும் அவன் அழிச்சுக்கிட்டே போவான், கடைசியில அவனை முழுசா தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டாங்க. பவர் எவ்ளோ பெருசுன்னு அப்புறம் பாத்துக்கலாம், ஆசையும் பவரும் இப்படி ஒண்ணை ஒண்ணு கடிக்குதான்னு முதல்ல பாருங்க.

பெரிய பவர் வேணாம், கண்டிஷன் வெச்ச பவர் வேணும்

இதுல நம்ம புராணக் கதைகளை மிஞ்ச ஆளே இல்லன்னு நான் நம்புறேன். இரணியன் கேட்ட வரத்தை எடுத்துக்கோங்க, மனுஷனாலயும் சாவு வரக் கூடாது மிருகத்தாலயும் வரக் கூடாது, பகல்லயும் கூடாது ராத்திரியிலயும் கூடாது, வீட்டுக்கு உள்ளயும் கூடாது வெளியிலயும் கூடாதுன்னு அடுக்கிக்கிட்டே போவான். கேக்கும்போது எல்லாக் கதவையும் சாத்திட்ட மாதிரி இருக்கும். ஆனா அவன் அடுக்குன ஒவ்வொரு வரியும் அவன் கதை எப்படி முடியும்ங்கிறதுக்கான துப்பு, பாதி சிங்கம் பாதி மனுஷன், அந்தி நேரம், வாசப்படி, எல்லாம் அவன் வாயாலயே வந்தது. பஸ்மாசுரன் கதை இன்னும் நறுக்குன்னு இருக்கும், யார் தலையில கை வெச்சாலும் சாம்பல், அந்த யார்ங்கிறதுல அவனும் அடக்கம்.

எனக்கு எல்லாத்தையும் விட பிடிச்சது ராவணன் வரம். தேவர்கள், அசுரர்கள், யட்சர்கள்னு எல்லார்கிட்ட இருந்தும் பாதுகாப்பு கேட்டவன் மனுஷனை மட்டும் விட்டுட்டான். மறந்து விடல, மனுஷன் எல்லாம் ஒரு ஆளான்னு அலட்சியமா விட்டான். பவர்ல இருக்குற ஓட்டை அவனோட குணத்துல இருந்து வந்திருக்கு பாருங்க, இதை அப்படியே பிடிச்சுக்கோங்க. சூப்பர்மேனுக்கு அவன் பலத்தைப் பறிக்கிற கிரிப்டோனைட்னு ஒரு கல்லு இருக்கு, அது 1943ல ரேடியோ நாடகத்துல முதல்ல வந்து 1949ல காமிக்ஸுக்குள்ள வந்துச்சு, ஹீரோவுக்கு அந்த மாதிரி வெளியில கிடக்குற கல்லு ஒண்ணு போதும். வில்லன் நாயகனா இருக்குற கதையில அப்படி ஒரு கல்லால அவன் விழுந்தா படிக்கிறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். அவன் யாரை மதிக்கலியோ, எதைப் பாக்க மறுக்குறானோ, அங்கதான் ஓட்டை இருக்கணும்.

கண்டிஷன் எழுதும்போது மூணு விஷயத்தைத் தனித்தனியா யோசிங்க, நிறைய பேர் மூணையும் ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க. எல்லைன்னா பவர் எங்க, எவ்ளோ தூரம், யார் மேல வேலை செய்யும். விலைன்னா யூஸ் பண்ணினதும் அவன் கிட்ட இருந்து என்ன போகும். ஓட்டைன்னா எதிராளி கண்டுபிடிச்சா அவனை மடக்கக்கூடிய வழி. எல்லை சீன்களை உருவாக்கும், விலை பாத்திரத்தை மாத்தும், ஓட்டை கிளைமாக்ஸைக் குடுக்கும். களைப்பா இருக்கும், மூக்குல ரத்தம் வரும்னு மட்டும் விலை வெச்சா அது விலையே இல்ல, ரெண்டு மணி நேரம் தூங்குனா சரியாப் போயிடும். திரும்பி வராத ஏதாவது போகணும்.

எல்லை எப்படி சீனை உருவாக்கும்னு பாக்க டெத் நோட் நல்ல உதாரணம், 2003ல ஜப்பான்ல காமிக்ஸ் தொடரா (அங்க அதை மாங்கான்னு சொல்லுவாங்க) ஆரம்பிச்சது, அதோட நாயகனே கொலைகாரன்தான். நோட்டுல பேரு எழுதினா ஆள் சாவாங்க, ஆனா பேரும் தெரியணும் முகமும் தெரியணும். இந்த ஒரு ரூல்தான் துப்பறியிறவர் தன்னோட நிஜப் பேரை மறைக்கிறதையே பெரிய சண்டையா மாத்துது. முகம் போதும்னு மட்டும் வெச்சிருந்தா பாதிக் கதை காணாமப் போயிருக்கும். உங்க பவருக்கும் ஒரு ரூல் எழுதினதும், இதனால என்னென்ன சீன் பொறக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, ஒண்ணும் தோணலன்னா அந்த ரூலைத் தூக்கிடுங்க, சும்மா அலங்காரத்துக்கு ரூல் வேணாம்.

எதிராளிங்க திருப்பி அடிக்க முடியணும்ங்கிறதையும் மறந்துடாதீங்க. நாயகன் வில்லன்ங்கிறதால அவனை யாராலயும் அசைக்க முடியாதுன்னு காட்ட ஆசை வரும், அது நாலு பக்கத்துல சலிச்சுப் போயிடும்.

கொஞ்சம் சயின்ஸ் பிடிச்சு இழுத்துப் பாருங்க

காமிக்ஸ்ல சயின்ஸ் கரெக்டா இருக்கணும்னு நான் சொல்லல. ஆனா பவரை நிஜ உலகத்துல வெச்சு ஒரு அடி தள்ளிப் பாத்தா நீங்களா யோசிச்சா வராத ஐடியா எல்லாம் வரும். மறையுற பவரையே எடுத்துக்கோங்க, வெளிச்சம் உடம்பைத் தாண்டி முழுசா போயிடுச்சுன்னா கண்ணுக்குள்ள இருக்குற விழித்திரையிலயும் அது நிக்காது, அப்போ யார் கண்ணுக்கும் தெரியாதவன் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. ஒண்ணு கண்ணை மட்டும் வெளியில காட்டணும், இல்லன்னா குருடனா நடக்கப் பழகணும். காத்துல மிதக்குற ரெண்டு கண்ணை மட்டும் வரைஞ்சு பாருங்க, அதுலயே ஒரு வில்லன் தெரியுறான்.

நேரத்தை நிறுத்துறவன் நிறுத்தின நேரத்துலயும் மூச்சு விடுறான், அப்போ அவனுக்கு வயசு ஏறிக்கிட்டேதான் இருக்கும். எல்லாரையும் நிறுத்தி வெச்சுட்டு மாசக்கணக்குல திட்டம் போட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் அவன் தன் அண்ணனை விடக் கிழவனா வந்து நிப்பான், வீட்டுல இருக்குறவங்க என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, அவனால சொல்ல முடியாது. காந்த சக்திக்காரன் ஆளுங்க ரத்தத்துல இருக்குற இரும்பை இழுக்குற மாதிரி எழுதுவாங்க, ஒரு பெரிய ஆள் உடம்புல இருக்குற மொத்த இரும்பே சுமாரா 4 கிராம்தான், அதுவும் காந்தத்துல ஒட்டுற மாதிரியான இரும்பு இல்ல. ஆனா அந்த ஆளைச் சுத்தி இருக்குற கட்டடம் முழுக்க கம்பி ஓடுது. ஆளைத் தொடாம அவன் வீட்டைப் பிசையுறவன்தான் எனக்குப் பயமா தெரியுறான்.

சில பவர்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை. மனசைப் படிக்கிற பவர் வந்தாலே கதையில ரகசியம் செத்துடும், அதனால படிக்கிறதை உடைச்சு வெச்சுக்கோங்க, பயத்தை மட்டும் கேக்க முடியும், பொய் சொல்லும்போது மட்டும் கேக்கும், இப்படி. காலத்துல பின்னாடி போறது வேணாம்னுதான் சொல்லுவேன், எந்தத் தப்பையும் திருத்திக்க முடிஞ்சா அவன் செஞ்ச எதுக்கும் கனம் இருக்காது. சாகாவரம் கதை முழுக்கத் தாங்கும், ஆனா சண்டையில சுவாரசியம் இருக்காது, சண்டையைக் குறைச்சுட்டு வருஷங்களைக் காட்டுங்க.

அடுத்தவங்க மனசைக் கட்டுப்படுத்துற பவரைப் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா இதுதான் நிறைய பேர் தேடிப் போற பவர். இதை எடுத்தா கட்டுப்படுத்தப்பட்டவங்க பக்கத்துல இருந்து குறைஞ்சது ஒரு சீனாவது எழுதியே ஆகணும். தன் கை தன் பேச்சைக் கேக்காம போற பயம், அப்புறம் முழிச்சுப் பாக்கும்போது நான் என்ன பண்ணினேன்னு தெரியாத நிலைமை, இதை எல்லாம் காட்டாம வில்லன் கெத்தை மட்டும் காட்டினா நீங்களும் அவங்களைப் பொம்மையாத்தான் பாக்குறீங்கன்னு ஆயிடும். வில்லன் அவங்களை மனுஷங்களா பாக்காம இருக்கலாம், எழுதுறவங்க அப்படி இருக்கக் கூடாது.

வரைய முடியுமா?

இது காமிக்ஸ் ஸ்டைல் கதை, பவர் கண்ணுக்குத் தெரியணும். மனசு சம்பந்தப்பட்ட பவர் எல்லாம் பேனல்ல, அதாவது படம் வரையுற கட்டத்துல, ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கும், அதனால அதுக்கு ஒரு அடையாளம் கண்டுபிடிங்க. மார்வெல் காமிக்ஸ்ல பர்ப்பிள் மேன்னு ஒரு வில்லன் 1964ல டேர்டெவில்ங்கிற தொடரோட நாலாவது இதழ்ல வந்தான், சொன்னதைக் கேக்க வைக்கிறதுதான் அவன் பவர், அது கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆளையே ஊதா கலர் ஆக்கிட்டாங்க. பேனலைப் பாத்த உடனே ஏதோ தப்பா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும். நீங்க வசனம் எழுதுற ஸ்பீச் பபிளோட வடிவத்தை மாத்தலாம், கட்டுப்பட்டவங்க நிழல் எல்லாம் அவன் பக்கம் திரும்பியிருக்குற மாதிரி போடலாம், ஒரே ஒரு கலரை அந்தப் பவருக்குன்னு ஒதுக்கி வேற எங்கயும் யூஸ் பண்ணாம இருக்கலாம்.

புக்கா வரப்போகுதுன்னா பக்கம் திருப்புறதையும் கணக்குல எடுத்துக்கோங்க, வலது பக்கத்துக் கடைசி பேனல்ல அவன் கையை நீட்டட்டும், திருப்பினதும் இடது பக்கத்துல என்ன ஆச்சுன்னு தெரியட்டும். போன்ல கீழ இழுத்துப் படிக்கிற கதைன்னா அந்த இடத்துல நீளமா காலி இடம் விடுங்க. வசனத்துல விளக்கித்தான் புரிய வைக்க முடியும்ங்கிற பவரா இருந்தா அது நாவலுக்குப் போகட்டும்.

ஒண்ணை முழுசா கட்டிப் பாப்போம்

இதை எல்லாம் வெச்சு ஒரு ஆளை உருவாக்கலாம். ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட் பாக்குற வார்டு உதவியாளன், அவன் அம்மாவுக்குத் தீராத வலி. அவன் ஆசை, அம்மா ஒரு ராத்திரியாவது வலியில்லாம தூங்கணும். யாரும் குறை சொல்ல முடியாத ஆசை. குறுக்கு வழி, தொட்டா அடுத்தவங்க வலியைத் தனக்குள்ள எடுத்துக்கலாம், இன்னொருத்தரைத் தொட்டா அவங்களுக்கு மாத்தி விடலாம். வலி குறையாது, அழியாது, இடம்தான் மாறும்.

எல்லை, தோலோட தோல் படணும். விலை, எடுத்த வலியை விடியுறதுக்குள்ள வேற யாருக்காவது மாத்தலன்னா அது அவனுக்கே நிரந்தரமாயிடும். பாத்தீங்களா, விடியல்னு ஒரு கெடு வந்ததும் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை ஆயிடுச்சு. வலியைக் கறுப்பு விரிசலா அவன் கையில ஏறுற மாதிரி வரையலாம், இன்னொருத்தர் கைக்கு அது ஓடுறதையும் வரையலாம், ஒரு வசனமும் வேணாம்.

இப்போ படிக்கட்டைக் கட்டணும், இங்க அவசரப்படாதீங்க. முதல் தடவை அம்மா வலியை எடுத்து அவனே தாங்கிக்கிறான், படிக்கிறவங்க அவனைக் கட்டிப்பிடிச்சுக்கணும்னு நினைப்பாங்க. அந்த வலி அவனுக்கே நிரந்தரமாயிடுது, ரெண்டாவது ராத்திரி எடுக்குற வலியையும் சேத்துத் தாங்க முடியல, அதை மாத்தி விட பொண்டாட்டியை அடிச்சு ஆஸ்பத்திரியில சேத்துட்டு வெளியில சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிற ஒருத்தன் கையைப் பிடிக்கிறான், படிக்கிறவங்க கை தட்டுவாங்க. மூணாவது ஆள் அவ்ளோ பெரிய தப்பு பண்ணல, நர்ஸைக் கண்டபடி திட்டினான், அவ்ளோதான், இருந்தாலும் பரவால்லன்னு தோணும். நாலாவது ராத்திரி விடிய கொஞ்ச நேரம்தான் இருக்கு, தகுதியான ஆள் யாரும் கிடைக்கல, வாசல்ல தூங்கிக்கிட்டு இருக்குற யாரோ ஒருத்தர் கை வெளியில நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கையைத்தான் அவன் தொடுறான். இந்த இடத்துல படிக்கிறவங்க தான் எப்போ கை தட்டினோம்னு திரும்பிப் பாப்பாங்க. வேற வார்டுல இருந்தும் அவனைத் தேடி வர ஆரம்பிப்பாங்க, அழற குழந்தையோட அப்பா கால்ல விழுவாரு, முடியாதுன்னு சொல்ல முடியுமா? யார் வலிக்குத் தகுதியானவங்கன்னு அவன் ஒரு லிஸ்ட் எழுத ஆரம்பிக்கிறான், அந்த லிஸ்ட் நீள நீள அவன் கண்ணுக்கு மனுஷங்க ரெண்டே வகையாத் தெரிய ஆரம்பிக்கிறாங்க.

ஓட்டைக்கு வருவோம். பொறவியிலேயே வலியே தெரியாதவங்க நிஜமாவே இருக்காங்க, ரொம்ப அபூர்வமான நிலைமை அது, சூடு பட்டாலும் எலும்பு உடைஞ்சாலும் தெரியாது, அதனால எங்கயாவது காயம் பட்டிருக்கான்னு தன் உடம்பைத் தானே தேடிப் பாத்துக்கிட்டே இருக்கணும். அப்படி ஒரு பொண்ணை எதிர்ல நிறுத்துங்க. அவளுக்கு வலியை மாத்தினா அது போய்க் காணாமப் போயிடுது. சண்டையில இவளை அவனால ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறது மேலோட்டமா தெரியுற விஷயம். உள்ள இருக்குற விஷயம் இன்னும் பெருசு, யாரையும் நோகடிக்காம எல்லார் வலியையும் தீர்க்க ஒரு வழி இருந்திருக்கு, யாரையும் நம்பி உதவின்னு வாயைத் திறந்து கேக்காததால அது அவனுக்குத் தெரியாமப் போச்சு. யாரையும் நம்பாத குணம்தான் ஓட்டை. இப்போ அவகிட்ட கேக்கணும்னா அதுவரைக்கும் யார் யாருக்கு என்ன பண்ணினான்னு சொல்லியாகணும். சொல்லுவானா, இல்ல அவளைக் கட்டிப்போட்டு வலியைக் கொட்டுற குழியா வெச்சுக்குவானா? ரெண்டுக்கும் கதை திறந்தே கிடக்கு, அதனாலதான் இந்தப் பவர் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஹீரோவை இப்படித்தான் தேர்ந்தெடுக்கணும்னு நினைக்கிறேன், நெருப்புக்குத் தண்ணின்னு எதிர்ப் பவர் குடுக்குறதை விட, வில்லன் தன் செயலுக்கு என்ன நியாயம் சொல்லிக்கிறானோ அதை ஆட்டம் காண வைக்கிற ஒருத்தரை எதிர்ல நிறுத்துங்க. அவங்களுக்குப் பவரே இல்லன்னாலும் பரவால்ல.

எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

பவரை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு துப்பாக்கியோ ஒரு பெட்டி நிறைய பணமோ வெச்சுப் பாருங்க, கதை அப்படியே ஓடுச்சுன்னா அந்தப் பவர் அங்க வேலையே பாக்கல, திரும்ப ஆசைக்குப் போங்க. ஓடலன்னா அடுத்து ரெண்டே ரெண்டு சீனை மட்டும் எழுதிப் பாருங்க, முதல் தடவை அவன் பவரை யூஸ் பண்ணுறதும் கடைசித் தடவை யூஸ் பண்ணுறதும். முதல் சீன்ல நீங்களும் அதையேதான் பண்ணியிருப்பீங்கன்னு உங்களுக்குத் தோணணும், கடைசி சீனை எழுதும்போது அவனைத் தடுக்கணும்னு தோணணும், ஆனா ரெண்டுலயும் அவன் கை அசையுறது ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல எத்தனை படி வேணும்னு அந்த ரெண்டு சீனுக்கும் இருக்குற தூரமே சொல்லிடும், சின்ன கதைன்னா மூணு நாலு போதும், நீளமான தொடர்ன்னா ஒவ்வொரு படிக்கும் ஒரு அத்தியாயம் குடுக்கலாம். பவருக்குப் பேரு வைக்கிறது, காஸ்ட்யூம் வரையுறது எல்லாம் அதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க.